முதல் ஆல்பத்துக்கு எத்தனை ஸ்டார்?

இசைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

நியோ சோல் ('புதிய சோல்' என்று பொருள்படும் மேற்கத்திய இசை வகை) பாடகர்களின் முதல் ஆல்பங்களை விமர்சகர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து தொடர்ந்து கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரே பொருளில் இத்தனை கேள்விகள் வந்ததால் இந்த இதழில் பக்கம் முழுவதும் அதற்கே.

நியோ சோல் என்கிறார்களே, அது ஆர் அண்ட் பி-யிலிருந்து (ரிதம் அண்ட் புளூஸ்) எந்த இடத்தில் பிரிகிறது? பெயர் யார் வைத்தது?
– பள்ளி ஆசிரியர், தருமபுரி

பாடுகிறவர்கள் வைத்த பெயர் அல்ல இது. 1990-களின் பிற்பகுதியில் கெடார் மாசன்பர்க் என்ற தயாரிப்பாளர் விற்பனைக்காகப் பரப்பியது. பாடகர் டி'ஏஞ்சலோ, பாடகி எரிக்கா பாடு இருவரின் தொடக்க காலத்திலும் மேலாளராக இருந்தவர் அவர். பாடகர்கள் பலருக்கு இந்த முத்திரை பிடிக்கவில்லை. சோல் இசை நடுவில் எங்கும் நின்றுபோகவில்லையே, பிறகு எதற்குப் 'புதிய' என்ற அடைமொழி என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது.

காதால் அடையாளம் காண வேண்டுமானால் இவற்றைக் கவனியுங்கள். வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 70 முதல் 95 தட்டுகள். ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோவின் மணியோசை. ஜாஸிலிருந்து வந்த 9, 11 வகைக் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்). ஹிப் ஹாப்பிலிருந்து வந்த கனமான டிரம்ஸ், ஆனால் கையால் வாசித்த தளர்வோடு. பின்னணிக் குரல்களைப் பாடகரே பல அடுக்காகப் பாடிச் சேர்த்திருப்பார். மார்வின் கே, ஸ்டீவி வொண்டர், டோனி ஹாத்தவே ஆகியோரின் 1970-களின் சோல் இசைதான் வேர். அதே காலத்து ஆர் அண்ட் பி-யில் சிந்தசைசரும் பளிச்சென்ற கோரஸும் முன்னால் நிற்கும். எல்லைக் கோடு மட்டும் எப்போதும் மங்கல்தான். ஒரே ஆல்பத்தில் இரண்டும் கலந்து வருவது சகஜம்.

ஒரு பாடகியின் முதல் ஆல்பத்துக்கு ஒரு பத்திரிகை 4 ஸ்டார், இன்னொன்று 3 ஸ்டார், மொத்தமாகக் கூட்டிச் சொல்லும் தளத்தில் 72 என்று இருக்கிறது. 72 என்றால் நல்ல ஆல்பமா, சுமாரா?
– வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

முதலில் அந்த 72 எப்படி வருகிறது என்று பார்த்துவிடுவோம். மெட்டாக்ரிட்டிக் தளம் ஒவ்வொரு விமர்சனத்தையும் 100-க்கு மாற்றிக்கொள்கிறது. 5-க்கு 4 ஸ்டார் என்றால் 80. 5-க்கு 3 என்றால் 60. 10-க்கு 7.4 என்றால் 74. 'பி' கிரேடு என்றால் 75. இந்த நான்கின் சராசரி 72.25. மதிப்பெண்ணே தராத பத்திரிகைகள் உண்டு. அவற்றின் கட்டுரையைப் படித்துவிட்டுத் தளத்தின் ஊழியர்களே ஓர் எண்ணை இடுகிறார்கள். மேலும் இது நேர் சராசரி அல்ல. சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறார்கள். குறைந்தது 4 விமர்சனங்கள் சேர்ந்தால்தான் எண்ணே தோன்றும்.

இப்போது அந்த 3 ஸ்டாரை மட்டும் எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். சராசரி 76-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரே ஒரு விமர்சகர் நான்கு புள்ளியை இழுத்துவிட்டார். முதல் ஆல்பங்களுக்கு இது அதிகம் நடக்கும். பெயர் தெரிந்த பாடகருக்கு 25, 30 விமர்சனங்கள் வரும், ஒருவர் குரல் அதில் கரைந்துவிடும். புதியவருக்கு 5, 6 தான். அதனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எத்தனை விமர்சனங்கள் என்று பாருங்கள். அடுத்து, அவை ஒட்டி நிற்கின்றனவா, சிதறி நிற்கின்றனவா என்று பாருங்கள். 70, 72, 74 என்று ஒட்டி நின்றால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 95, 90, 55, 48 என்று சிதறியிருந்தால் சராசரி அதே 72-தான். ஆனால் அந்த ஆல்பத்தில் எதுவோ இருக்கிறது; சிலருக்குப் பிடித்து, சிலரைச் சீண்டியிருக்கிறது. எங்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் கேட்போம்.

அந்தத் தளத்தில் இசைக்கு 61-லிருந்தே பச்சை வண்ணம் என்பதையும் மனதில் வையுங்கள். வீடியோ கேமுக்கு 75 வேண்டும். 81-ஐத் தொட்டால்தான் 'ஏகோபித்த பாராட்டு' என்ற வரிசை. ஆகவே உங்கள் 72 தோல்வியல்ல, கொண்டாட்டமும் அல்ல. இதற்கு மேல் அந்த எண்ணால் சொல்ல முடியாது. 3 ஸ்டார் கொடுத்தவரின் கட்டுரையைத் திறந்து எந்தப் பாட்டில் எதைக் குறை சொல்கிறார் என்று படியுங்கள். 'பாடல்கள் எல்லாம் ஒரே வேகம்' என்று அவர் எழுதியிருந்து, உங்களுக்கு இரவில் விளக்கணைத்துக் கேட்க மெதுவான பாட்டுகள்தான் வேண்டுமென்றால், அவர் குறை உங்களுக்குச் சிபாரிசு.

டிரம்ஸ் அடிப்பவர் கொஞ்சம் பிந்தி அடிப்பதுபோல் இருக்கிறது. நாங்கள் கோயிலில் பம்பை அடிக்கும்போது அடி பிந்தினால் ஆடுகிறவர் நின்றுவிடுவார். இதை எப்படி ஐயா விமர்சகர்கள் பாராட்டுகிறார்கள்?
– பம்பைக் கலைஞர், காவேரிப்பட்டணம்

உங்கள் காது சரியாகத்தான் பிடித்திருக்கிறது. நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 750 மில்லி விநாடி. அதைக் கால் காலாக வெட்டினால் ஒவ்வொன்றும் 187.5. இந்த இசையில் ஸ்நேர் டிரம் (சுரீரென்று ஒலிக்கும் சிறு டிரம்) அடி, விழ வேண்டிய இடத்திலிருந்து 20 முதல் 40 மில்லி விநாடி தள்ளி விழும். தாளம் தப்பியதாகத் தோன்றாது, சாய்ந்து நடப்பதாகத் தோன்றும். அதற்கு மேல் தள்ளினால் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பதுபோல் உடையும்.

தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று பிரித்தறிய ஒரு வழி. ஹை-ஹேட் (ஜோடியாக இருக்கும் உலோகத் தட்டுகள்) ஓசையோடு காலால் தட்டுங்கள். பிறகு ஸ்நேர் எங்கே விழுகிறது என்று எட்டு சுற்றுக்குக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவு பிந்தினால் அது வாசிப்பவரின் முடிவு. ஒரு சுற்றில் பிந்தி, அடுத்ததில் முந்தி, மூன்றாவதில் சரியாக விழுந்தால் கை தடுமாறுகிறது. அடுத்து, கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். நல்ல குழுவில் யாராவது ஒருவர் நேராக நிற்பார், மற்றவர் அவர்மீது சாய்வார். எல்லோரும் சாய்ந்தால் பாட்டு விழுந்துவிடும்.

டெட்ராய்ட் நகரத்தின் ஜே டில்லா, எம்பிசி 3000 என்ற தாளக் கருவியில் அடிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் வசதியை ஒதுக்கிவிட்டு விரலால் தட்டிப் பதிவு செய்தவர். அவருடைய கருவி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டிரம்மர் குவெஸ்ட்லவ், பேஸ் வாசித்த பினோ பல்லடினோ இருவரும் டி'ஏஞ்சலோவின் இரண்டாவது ஆல்பமான 'வூடூ'வில் (2000) அந்தச் சாய்வை மனிதக் கைகளாலேயே வாசித்துக் காட்டினார்கள். விமர்சகர் பாராட்டுவது பிந்துவதை அல்ல. பாட்டு முழுக்க அதே அளவு பிந்தி நிற்கும் கட்டுப்பாட்டைத்தான். பம்பை அடிக்கிற உங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வெளிவந்தபோதே கொண்டாடப்பட்ட முதல் ஆல்பங்கள் எவை? கோட்டைவிடப்பட்டவை எவை?
– நூலகர், கிருஷ்ணகிரி

டி'ஏஞ்சலோவின் 'பிரவுன் சுகர்' 1995 ஜூலையில் வந்தபோது அவருக்கு வயது 21. பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்து, தயாரிப்பையும் பெரும்பகுதி தாமே பார்த்த ஆல்பம். விமர்சகர்கள் உடனே வரவேற்றார்கள், விற்பனை மெதுவாகத்தான் ஏறியது. மாக்ஸ்வெலின் 'அர்பன் ஹேங் சூட்' கதை வேறு. ஒரு காதல், முதல் சந்திப்பிலிருந்து திருமணம் கேட்பது வரை தொடர்ச்சியாகச் சொல்லும் ஆல்பம் அது. விற்குமா என்ற சந்தேகத்தில் கம்பெனி ஏறத்தாழ ஒரு வருடம் கிடப்பில் போட்டது. 1996 ஏப்ரலில் வந்தபோதும் சத்தமில்லை. 'அசென்ஷன்' என்ற பாட்டு வானொலியில் ஏறிய பிறகுதான் ஆல்பம் நகர்ந்தது. சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

எரிக்கா பாடுவின் 'பாடுயிசம்' 1997 பிப்ரவரியில் வந்து, பில்போர்டு ஆல்பம் பட்டியலில் நேராக 2-ஆம் இடத்தில் நுழைந்தது. மறுவருடம் கிராமியும் வாங்கியது. பாடகி லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' (1998 ஆகஸ்ட்) முதல் வாரத்திலேயே 4 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. 1999-இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட 5 கிராமி விருதுகள். ஹிப் ஹாப் ஆல்பம் ஒன்று அந்த முதன்மை விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

இவ்வளவு கொண்டாடப்பட்ட ஆல்பத்தின் மதிப்பும் நிலையாக இல்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. ரோலிங் ஸ்டோன் இதழின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் லாரின் ஹில்லுக்கு 2003-இல் கிடைத்த இடம் 312. 2020-இல் கிடைத்தது 10. 'வூடூ' 488-லிருந்து 28-க்கு ஏறியது. ஆல்பத்தில் ஒரு நொடிகூட மாறவில்லை. 2020-இல் பழைய பட்டியலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாக்கெடுத்தார்கள், வாக்களித்தவர்கள் மாறினார்கள். ராக் இசையை மையமாக வைத்துக் கேட்டவர்கள் கையில் இருந்த அளவுகோல், இந்த ஆல்பங்களைக் கேட்டே வளர்ந்தவர்கள் கைக்கு வந்தது.

இன்னொரு விசித்திரம் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸின் முதல் ஆல்பம் 'ஃபிராங்க்'. பிரிட்டனில் 2003 அக்டோபரில் வந்து, மறுவருடம் மெர்குரி விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அமெரிக்காவில் கடைக்கு வந்ததோ 2007-இல். அதற்குள் இரண்டாவது ஆல்பம் 'பேக் டு பிளாக்' உலகைச் சுற்றி வந்துவிட்டது. ஆகவே பிரிட்டிஷ் விமர்சகர் ஒரு புதுமுகத்தைக் கேட்டார். அமெரிக்க விமர்சகர் ஒரு நட்சத்திரத்தின் பழைய முயற்சியைக் கேட்டார். ஒரே ஆல்பம்தான். எந்த ஊரில், எந்த வருடம் எழுதியது என்று பார்க்காமல் பழைய விமர்சனத்தை மேற்கோள் காட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

நியோ சோலுக்குத் தனி கிராமி உண்டா?
– கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

இல்லை. சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பம், சிறந்த புரோகிரசிவ் ஆர் அண்ட் பி ஆல்பம் (2020-க்கு முன் இதற்கு அர்பன் கன்டெம்பரரி என்று பெயர்), சிறந்த புதுமுகம் ஆகிய பிரிவுகளில்தான் இவர்கள் வருவார்கள். பரிந்துரையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 'இந்தியா ஏரி' என்ற பாடகி முதல் ஆல்பத்துக்காக 2002-இல் 7 பரிந்துரைகள் பெற்று ஒன்றும் வாங்காமல் திரும்பினார். அதே மேடையில் அலீஷியா கீஸ் தம் முதல் ஆல்பத்துக்காக 5 வாங்கினார். பாடகி சிசா 'கன்ட்ரோல்' என்ற முதல் ஆல்பத்துக்குப் பிறகு 2018-இல் 5 பரிந்துரைகளோடு வெறுங்கையாகத் திரும்பினார். இன்று அந்த ஆல்பத்தைச் சொல்லாமல் அந்த வருடத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

புதுப் பாடகி யார் வந்தாலும் 'அடுத்த பில்லி ஹாலிடே' என்கிறார்கள். இது விமர்சனமா, சோம்பேறித்தனமா?
– வழக்கறிஞர், அரூர்

பாதிக்குமேல் சோம்பேறித்தனம். எரிக்கா பாடுவுக்கும் அந்தப் பழைய ஜாஸ் பாடகியின் பெயரைச் சொன்னார்கள், ஏமி வைன்ஹவுஸுக்கும் சொன்னார்கள். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

ஒப்பீடே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எந்த உறுப்பை ஒப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டும். மூக்கோசையா, வரியின் கடைசிச் சொல்லைத் தாமதமாக விடும் பழக்கமா, சொல்லை விழுங்கும் விதமா? 'கடைசி அசையை இழுக்காமல் சட்டென்று விடுவதில் பில்லி ஹாலிடேயின் சாயல் இருக்கிறது, ஆனால் அடியில் ஓடுவது ஹிப் ஹாப் டிரம்ஸ், அது அவரிடம் இல்லாதது' என்று எழுதினால் அது விமர்சனம். பெயரை மட்டும் தூக்கிப் போட்டால் அது போஸ்டர் வாசகம். முதல் ஆல்பத்துக்கு இதனால் கெடுதலும் உண்டு. வாசகர் பழைய பாடகியை எதிர்பார்த்துப் போவார், கிடைக்காது, புதியவர்மீது கோபப்படுவார்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குத் தினமும் பேருந்தில் போகிறேன். விமர்சகர்கள் 'பேஸ் அற்புதம்' என்று எழுதும் ஆல்பங்களில் எனக்கு பேஸே கேட்பதில்லை. என் போனில் கோளாறா?
– மென்பொருள் ஊழியர், ஓசூர்

கோளாறு இல்லை, இடம்தான் தவறு. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகக் கீழ் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 31. போனின் சிறிய ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக எதுவும் வெளிவராது. மேலே உள்ள ஒத்திசைவுகளை வைத்து மூளையே கீழ் ஸ்வரத்தை ஊகித்துக்கொள்வதால் பேஸின் மெட்டு புரியும், கனம் தெரியாது.

இயர்போன் போட்டாலும் பேருந்து எஞ்சினின் உறுமல் அதே கீழ்ப் பகுதியில்தான் இருக்கிறது, பேஸை அப்படியே மூடிவிடும். நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள். அப்போது குரலும் ஹை-ஹேட்டும் காதைக் குத்தும், பேஸ் மட்டும் பின்தங்கியே இருக்கும். விமர்சகர் அமைதியான அறையில் கேட்டதை நீங்கள் தேசிய நெடுஞ்சாலையில் தேடுகிறீர்கள்.

வீட்டில், இரவு பத்து மணிக்கு மேல் இப்படிச் செய்து பாருங்கள். காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன், அல்லது ரப்பர் முனை காதில் இறுக உட்காரும் இயர்போன். ரப்பர் முனை தளர்ந்திருந்தால் முதலில் போவது பேஸ்தான். இயர்போனோடு வரும் மூன்று அளவுகளையும் மாற்றிப் பாருங்கள். 'பேஸ் பூஸ்ட்', 'ஈக்வலைசர்' இரண்டையும் அணையுங்கள். செயலியின் அமைப்பில் ஒலித்தரத்தை உச்சத்தில் வையுங்கள், தானாகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். சிக்னல் குறையும் மலைப்பாதையில் அது தரத்தைச் சொல்லாமலே குறைத்துவிடும். ஒலி அளவு நடுவில் இருக்கட்டும். மிகக் குறைவான சத்தத்தில் மனிதக் காது கீழ் ஸ்வரங்களைத்தான் முதலில் இழக்கிறது. முதலில் பேஸை மட்டும் ஒரு முழுப் பாட்டுக்குப் பின்தொடருங்கள், குரலை விட்டுவிடுங்கள். அதன் பிறகு அதே விமர்சனத்தைப் படித்தால் வேறு கட்டுரையாகத் தெரியும்.

'எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருக்கிறது' என்பது இந்த வகை ஆல்பங்கள்மீது அடிக்கடி வரும் புகார். உண்மையா?
– மளிகைக் கடை உரிமையாளர், தேன்கனிக்கோட்டை

பல நேரம் உண்மைதான். இசையைவிட நீளத்தின் குற்றம் அதிகம். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடம்போல, இரண்டு பக்கமும் சேர்த்து 44. சிடி வந்ததும் 74, 80 நிமிடம் வரை இடம் கிடைத்தது, நிரப்பினார்கள். லாரின் ஹில்லின் ஆல்பம் ஏறத்தாழ 77 நிமிடம், 'வூடூ' 79. 85 தட்டு வேகத்தில் ஐந்து பாட்டு அடுத்தடுத்து வந்தால் ஆறாவது பாட்டை எந்த விமர்சகரும் புதுக் காதோடு கேட்க மாட்டார். அதே ஐந்தில் ஒன்றை 102-க்கு ஏற்றினால், இன்னொன்றில் டிரம்ஸை முழுக்க எடுத்துவிட்டால், ஆறாவது பிழைத்துக்கொள்ளும். முதல் ஆல்பம் போடுகிறவர்களுக்கு எங்கள் யோசனை 38 முதல் 45 நிமிடம். மிச்சப் பாட்டு வீணாகாது, அடுத்த வருடம் தனியாக வெளியிடலாம்.

அண்ணா, ஒன்பது தமிழ்ப் பாட்டுகள், நியோ சோல் பாணியில் முடித்து வைத்திருக்கிறேன். என் முதல் ஆல்பம். விமர்சகர்கள் கையில் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது?
– பாடகி, ஓசூர்

வாழ்த்துகள், தங்கையே. வரிசையாகச் சொல்கிறோம்.

வெளியீட்டுத் தேதிக்கு 6 வாரம் முன்பே எல்லாம் கையில் தயாராக இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் அனுப்பினால் விமர்சகர் இரண்டு தடவை கேட்க நேரம் இருக்காது, ஒரு தடவை கேட்டு எழுதுவதில்தான் 'இதமான பின்னணி இசை' என்ற தீர்ப்பு வருகிறது. டிசம்பரைத் தவிருங்கள். சென்னைப் பத்திரிகைகளின் இசைப் பக்கம் மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்விடும், ஆண்டிறுதிப் பட்டியல்களும் அதற்குள் முடிந்திருக்கும். பொங்கலை ஒட்டிய வாரங்களில் சினிமாப் பாட்டுகளோடு மோத வேண்டியிருக்கும். பிப்ரவரி கடைசி நல்லது.

மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் பாட்டின் ஒலிக்குத் தரும் கடைசி மெருகு) செய்கிறவரிடம் சத்தத்தைப் பிதுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. நீங்கள் -7-க்கு ஏற்றி அனுப்பினால் அது இறக்கிவிடும். சத்தமும் கிடைக்காது, டிரம்ஸின் முனையும் மழுங்கியிருக்கும். மெதுவான இசையில் அந்த மழுங்கல் நன்றாகத் தெரியும். உச்சம் -1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஐஎஸ்ஆர்சி எண் (பதிவுக்கான தனி அடையாள எண்) வேண்டும். நீங்கள் பாட்டை ஏற்றும் விநியோக நிறுவனமே பெரும்பாலும் கொடுத்துவிடும்.

கடிதத்தோடு போக வேண்டியவை: கேட்கவும் இறக்கவும் முடிகிற ஒரே ஓர் இணைப்பு, பாட்டு வரிசை நேரத்தோடு, தமிழ் வரிகள் முழுவதும், 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப்படம், 150 சொல்லுக்குள் உங்களைப் பற்றி, யார் என்ன வாசித்தார் என்ற முழுப் பட்டியல். எம்பி3 கோப்புகளை மின்னஞ்சலில் இணைக்காதீர்கள், பெட்டி நிரம்பித் திரும்பிவிடும். கிளவுட் இணைப்பை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். 'அனுமதி கேட்கவும்' என்று வந்தால் விமர்சகர் அங்கேயே விட்டுவிடுவார், புதியவர்களின் ஆல்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சாகிறது. இணைப்பு 30 நாளில் காலாவதியாகும் வகையா என்றும் பாருங்கள்.

இருநூறு பேருக்கு ஒரே கடிதம் வேண்டாம். தனி இசை பற்றித் தொடர்ந்து எழுதும் 15 பேரைப் பொறுக்குங்கள். ஒவ்வொருவர் எழுதியதிலும் ஒன்றைப் படித்துவிட்டு, ஏன் அவருக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். தலைப்பில் ஆல்பம் பெயர், வெளியீட்டு நாள், எந்த நாள் வரை விமர்சனத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது. பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பணம் கொடுத்தால் எழுதுகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். படிக்கிறவர்களுக்கு அது இரண்டே வரியில் தெரிந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் ஆசிரியர் குழுவுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்கும் வசதி உண்டு. வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு செய்ய வேண்டும், வெளியான பிறகு முடியாது.

அந்தப் பங்களிப்பாளர் பட்டியலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரின் ஹில்லின் ஆல்பம் வெளிவந்த அதே 1998-இல், அதில் வேலை செய்த நான்கு இசைக்கலைஞர்கள் தங்களுக்குரிய பெயர் தரப்படவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார்கள். 2001-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றுவரை அந்த வழக்கையும் எழுதுகிறார்கள். நீங்கள் ஒலிப்பதிவு நடந்த அன்றே, பாட்டுக்கு ஒரு தாள் எழுதுங்கள்: வரிகள் யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100. எல்லோரும் கையெழுத்து. நண்பர்கள்தானே என்று விடாதீர்கள், நண்பர்கள் என்பதால்தான் எழுதிவைக்க வேண்டும். பிறகு, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பதியும்போதும் இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

கல்லூரி மலருக்கு ஒரு ஆல்பம் விமர்சனம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 500 சொல். எங்கே தொடங்குவது?
– மாணவி, பென்னாகரம்

முதல் தடவை பேனாவைத் தொடாமல், பாட்டு வரிசை மாற்றாமல், முதலிலிருந்து கடைசி வரை கேளுங்கள். இரண்டாவது தடவை யார் வாசித்தார்கள் என்ற பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை பேஸும் டிரம்ஸும் மட்டும். நான்காவது தடவை வரிகள் மட்டும். ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறியுங்கள்: 'நான்காவது பாட்டு, 2 நிமிடம் 10 விநாடி, டிரம்ஸ் நின்று குரல் தனியாக'. ஒரு நாள் விட்டுவிட்டு எழுதுங்கள்.

முதல் பத்தியில் உங்கள் தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். பாடகரின் ஊர், வயது, வரலாறு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டே பாட்டுகளை எடுத்து விரிவாகச் சொல்லுங்கள். ஒன்பது பாட்டையும் வரிசையாக ஒவ்வொரு வரியில் சொல்லிக்கொண்டு போனால் அது பொருளடக்கம். பிறகு ஒரு குறை, காரணத்தோடு. ஸ்டார் கொடுக்க வேண்டாம். மலரில் வருகிற ஒரே விமர்சனத்தின் ஸ்டாரை எதோடு ஒப்பிடுவது?

நம் மொழியில் இசை விமர்சனத்தைக் கெடுப்பவை 'தேனில் நனைத்த குரல்', 'மனதை வருடும் இசை', 'ஆன்மாவைத் தொடும் பாடல்' போன்ற தொடர்கள். எந்தப் பாடகருக்கும் இவை பொருந்தும், அதனால் எந்தப் பாடகரையும் பற்றி இவை சொல்வதில்லை. அந்த இடத்தில் அவர் தொண்டையால் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். 'மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சத்தத்தைக் கூட்டாமல் மூச்சைக் கலக்கிறார், அதனால் உச்சத்தில் குரல் ரகசியம் சொல்வதுபோல் இறங்குகிறது.' இதைப் படித்தவர் அந்த இடத்தைத் தேடிப் போய்க் கேட்பார். ரோட்ஸ், ஸ்நேர், ஹை-ஹேட் என்ற பெயர்களைத் தமிழில் அப்படியே எழுதலாம். முதல் தடவை வரும்போது அது என்ன ஓசை என்று அரை வரியில் சொல்லிவிட்டால் போதும்.

என் தம்பியின் முதல் ஆல்பத்தை ஒரு இணைய இதழ் கிழித்துவிட்டது. டிரம்ஸ் கம்ப்யூட்டரில் போட்டது என்று எழுதியிருக்கிறார்கள், உண்மையில் ஆள் வைத்து அடித்தது. பதில் எழுதலாமா?
– நெசவாளர், போச்சம்பள்ளி

இரண்டு விஷயத்தைப் பிரியுங்கள். 'பாட்டு சலிப்பு' என்பது கருத்து, அதற்குப் பதில் எழுதவே கூடாது. எழுதினால் விமர்சனத்தைப் படிக்காதவர்களும் தேடிப் படிப்பார்கள். 'டிரம்ஸ் கம்ப்யூட்டர்' என்பது தகவல் பிழை. அதைத் திருத்தக் கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு.

விமர்சகருக்கு அல்ல, ஆசிரியருக்கு எழுதச் சொல்லுங்கள். ஐந்து வரி: எந்தக் கட்டுரை, எந்த வாக்கியம், சரியான தகவல், ஆதாரம் (ஒலிப்பதிவு நாளின் வீடியோ, வாசித்தவர் பெயர் உள்ள பட்டியல்), திருத்தும்படி வேண்டுகோள். கோபம், வருத்தம், உழைப்பு பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நண்பர்களைத் திரட்டிக் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு அனுப்புவது அடுத்த ஆல்பத்தைத் தொடவே யாரும் விரும்பாதபடி செய்துவிடும்.

அதோடு, ஆள் அடித்ததை ஒருவர் கம்ப்யூட்டர் என்று கேட்டிருக்கிறார் என்றால் எங்கே அப்படிக் கேட்டது என்றும் பாருங்கள். ஒலிக்கலவை செய்தவர் அடிகளை எல்லாம் கோட்டுக்கு இழுத்து ஒழுங்குபடுத்திவிட்டாரா, ஒவ்வொரு அடிக்கும் ஒரே பதிவு ஓசையை மேலே ஒட்டிவிட்டாரா என்று கேளுங்கள். இரண்டும் சிறிய ஸ்டூடியோக்களில் சொல்லாமலே நடக்கும். மூலப் பதிவு இருந்தால் அந்த ஒட்டலை எடுத்துவிட்டு ஒரு பாட்டை மறுபடி கலந்து கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அடுத்த ஆல்பத்துக்கு அந்தக் கலவையைச் சொல்லியே ஒப்பந்தம் பேசுங்கள். பங்களிப்பாளர் பட்டியலைத் தம்பியின் எல்லாப் பக்கங்களிலும் டிரம்மர் பெயரோடு ஏற்றிவிடுங்கள். அடுத்து எழுதப்போகிறவர் தகவலை அங்கிருந்துதான் எடுப்பார்.